தோட்டத்தில் டீசல் தொட்டி அமைக்கும் முன்: சேலம் மாவட்ட விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல் வட்டாரங்களில் சொந்தமாக டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வைத்திருப்பவர்கள், வேலை நெருக்கும் காலத்தில் பெட்ரோல் பங்குக்கும் வயலுக்கும் அலைவதைத் தவிர்க்க, தோட்டத்திலேயே டீசலை இருப்பு வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். ஏற்காடு மலையில் இந்தத் தேவை இன்னும் அதிகம். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் மழையால் மின்சாரம் நின்றுவிட்டால், பழத்தோல் நீக்கும் பல்ப்பரும் தண்ணீர் மோட்டாரும் ஜெனரேட்டரை நம்பியே ஓட வேண்டும். பறித்த பழத்தை மறுநாள் வரை குவித்து வைத்தால் அது புளித்துத் தரம் கெட்டுவிடும். ஆகவே "ஒரு தொட்டியை மண்ணில் புதைத்துவிட்டால் என்ன?" என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. அந்த எண்ணத்தைச் செயலாக்கும் முன் சட்டம் என்ன சொல்கிறது, நிலம் என்ன சொல்கிறது என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

இணையத்தில் இதைத் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பண்ணைகளில் உள்ள நிலத்தடி எரிபொருள் தொட்டிகளுக்கு விதிவிலக்கு உண்டு என்றும், 1,100 கேலன் வரை கவலையில்லை என்றும் எழுதப்பட்டிருப்பதைப் பலர் படித்துவிட்டு வருகிறார்கள். அது அமெரிக்காவின் கூட்டாட்சி விதி. அங்கே 1,100 கேலனுக்கு, அதாவது ஏறத்தாழ 4,160 லிட்டருக்கு மிகாத கொள்ளளவுள்ள பண்ணைத் தொட்டியில், விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு வாகன எரிபொருள் வைத்திருந்தால், நிலத்தடித் தொட்டிகளுக்கான கூட்டாட்சி ஒழுங்குமுறை அதற்குப் பொருந்தாது. அந்த விலக்குக்கு இந்தியாவில் எந்த மதிப்பும் இல்லை. நம் சட்டத்தில் பண்ணைக்கென்று தனிச் சலுகை கிடையாது; எண்ணெயின் வகை, மொத்த அளவு, அது இருக்கும் கலத்தின் கொள்ளளவு ஆகிய மூன்றை வைத்தே எல்லாம் தீர்மானிக்கப்படுகின்றன. தொட்டி மண்ணுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது உரிமம் வேண்டுமா என்ற கேள்வியில் இடம்பெறுவதே இல்லை.

சட்டம் வகுத்துள்ள எல்லைகள்

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமும் 2002ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகளும் இங்கே பொருந்துபவை. இவற்றை நடைமுறைப்படுத்தும் மைய அமைப்பு, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு ஆகும். சுருக்கமாகப் பெசோ என்பார்கள். தென் மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

எண்ணெயின் ஆவி எந்த வெப்பநிலையில் தீப்பற்றத் தொடங்குகிறதோ அதை வைத்துச் சட்டம் மூன்று வகுப்புகளைப் பிரிக்கிறது. 23 டிகிரி செல்சியசுக்குக் கீழே பற்றக்கூடிய பெட்ரோல் 'ஏ' வகுப்பு. 23 முதல் 65 டிகிரிக்குள் பற்றுபவை 'பி' வகுப்பு. டீசலும் மண்ணெண்ணெயும் இதில் சேரும். 65 முதல் 93 டிகிரிக்குள் பற்றும் உலை எண்ணெய் போன்றவை 'சி' வகுப்பு. தோட்டக்காரருக்கு முக்கியமானவை முதல் இரண்டுமே.

டீசலைப் பொறுத்தவரை சட்டத்தின் 7ஆவது பிரிவை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஓர் இடத்தில் உங்கள் வசம் இருக்கும் 'பி' வகுப்பு எண்ணெய் மொத்தம் 2,500 லிட்டருக்கு மிகாமலும், அதில் எந்தப் பகுதியும் 1,000 லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள கலத்தில் இல்லாமலும் இருந்தால், அதை வைத்திருப்பதற்கோ கொண்டு செல்வதற்கோ உரிமம் தேவையில்லை. இந்த இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே நிறைவேற வேண்டும். பெரும்பாலானோர் 2,500 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, 5,000 லிட்டர் தொட்டியைப் புதைத்து, "நான் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை" என்று சமாதானம் சொல்கிறார்கள். சட்டம் பார்ப்பது கலத்தின் கொள்ளளவை. உள்ளே இருக்கும் எண்ணெயின் அளவை அல்ல. அந்தத் தொட்டியில் 300 லிட்டர் மட்டுமே இருந்தாலும் உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றமே. மண்ணெண்ணெயும் அதே வகுப்பைச் சேர்ந்தது என்பதால், அதையும் டீசலோடு கூட்டித்தான் 2,500 லிட்டரைக் கணக்கிட வேண்டும்.

படுக்கை நிலையில் உள்ள உருளைத் தொட்டியின் கொள்ளளவைத் தெரிந்துகொள்வது எளிது. குறுக்களவில் பாதியை மீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 3.14ஆலும் நீளத்தாலும் பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும். 1,000ஆல் பெருக்கினால் லிட்டர். 1 மீட்டர் குறுக்களவும் 1.25 மீட்டர் நீளமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 980 லிட்டர் கொள்ளும். அது எல்லைக்குள் அடங்குகிறது. ஒன்றரை மீட்டர் குறுக்களவும் 3 மீட்டர் நீளமும் இருந்தால் ஏறத்தாழ 5,300 லிட்டர். அது உரிமம் கேட்கும் தொட்டி. பழைய இரும்புக் கடையிலிருந்து தொட்டி வாங்குபவர்கள் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல் அளந்து பார்த்துவிட்டே விலை பேச வேண்டும்.

பெட்ரோலுக்கு எல்லை மிகவும் சிறியது. விற்பனைக்கு அல்லாமல் வைத்திருக்கும் பெட்ரோல் மொத்தம் 30 லிட்டர் வரை உரிமமின்றி இருக்கலாம். உலோகக் கலமானால் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கும், கண்ணாடி அல்லது பீங்கான் கலமானால் 1 லிட்டருக்கும் மிகக் கூடாது. இறுக மூடியிருக்கவும் வேண்டும். வாகனம் அல்லது ஓரிடத்தில் நிலைநிறுத்திய இன்ஜினின் உரிமையாளருக்கு, அந்த வண்டி அல்லது இன்ஜின் டாங்கில் இருப்பதைத் தவிர, அதை ஓட்டுவதற்காக 100 லிட்டர் வரை 9ஆவது பிரிவு அனுமதிக்கிறது. எத்தனை வண்டி இருந்தாலும் அந்த 100 லிட்டர் பெருகாது. 30 லிட்டரைத் தாண்டினால், ஆட்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் அறையோடு தொடர்பில்லாத தனியிடத்தில் வைக்க வேண்டும். தோளில் மாட்டும் விசைத்தெளிப்பானும் களைவெட்டும் கருவியும் மட்டுமே வைத்திருப்பவர்கள் 30 லிட்டர் எல்லைக்குள் நின்றுகொள்வதே பாதுகாப்பானது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஏற்காட்டின் பனிமூட்டத்தில் மாதக் கணக்கில் சேமித்து வைப்பதால் பயன் எதுவும் இல்லை.

பெரும்பாலான தோட்டங்களுக்குப் பொருத்தமான ஏற்பாடு

முதலில் தேவையைக் கணக்கிடுங்கள். 45 குதிரைத்திறன் டிராக்டர் சுமையோடு உழும்போது மணிக்குச் சுமார் 4 முதல் 6 லிட்டர் டீசல் எடுக்கும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடினாலும் 50 லிட்டரைத் தாண்டுவது அரிது. இரண்டு டிராக்டரும் ஒரு ஜெனரேட்டரும் உள்ள தோட்டத்துக்கு 200 லிட்டர் பேரல் ஐந்தாறு இருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் தாராளமாக வரும். 12 பேரல் வைத்தாலும் 2,400 லிட்டர்தான்; எல்லைக்குள்ளேயே இருக்கிறது. எண்ணெய் நிறுவனங்களின் அனுமதி பெற்ற வண்டிகள் இடத்துக்கே வந்து டீசல் நிரப்பும் சேவையும் இப்போது பரவிவருகிறது. உங்கள் பகுதிக்கு அது வருமானால் இருப்பை இன்னும் குறைத்துக்கொள்ளலாம். சேலம் மாவட்டத்தில் பெரும்பான்மையான விவசாயிகளுக்கு நிலத்தடித் தொட்டி தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. மண்ணுக்கு மேலே இருக்கும் தொட்டி கசிந்தால் அன்றே கண்ணில் படும். மண்ணுக்குள் இருப்பது கசிந்தால், கிணற்றுத் தண்ணீரில் வாடை வந்த பிறகே தெரியும்.

மேலே வைக்கும் தொட்டியோ பேரல்களோ கிணற்றிலிருந்தும், ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும், ஓடையிலிருந்தும், வீட்டிலிருந்தும் விலகி இருக்கட்டும். சரிவான நிலமானால் கிணற்றுக்கு மேல்பக்கத்தைத் தவிர்த்துக் கீழ்ப்பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். தளத்தைச் சிமென்டால் பூசி, சுற்றிலும் ஓர் அடி உயரத் திட்டுச் சுவர் எழுப்பி, அங்குள்ள மிகப் பெரிய கலம் முழுவதும் கொட்டினாலும் எண்ணெய் வெளியே போகாத அளவுக்கு இடம் விட வேண்டும். மழைநீரை வடிப்பதற்குக் குழாய் வைத்தால் அதற்கு மூடு வால்வு போட்டு, எப்போதும் மூடியே வைத்திருந்து, நீரில் எண்ணெய்ப் படலம் இல்லை என்று பார்த்த பிறகே திறக்க வேண்டும். எண்ணெய் எந்த வடிகாலிலும் நீர்நிலையிலும் பொதுச் சாலையிலும் கலக்காமல் தடுப்பது விதிகள் சுமத்தியுள்ள கடமை. உரிமம் தேவைப்படாத அளவு என்பதற்காக அந்தக் கடமை நீங்கிவிடாது.

கூரை தகரமாக இருக்கலாம். தென்னங்கீற்றுக் கூரை கூடாது. வைக்கோற்போரும் உர மூட்டைகளும் அதே கொட்டகையில் இருக்கக் கூடாது. பேரலை வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்தால் மேல்மூடியில் தேங்கும் மழைநீர், இரவுக் குளிரில் பேரலுக்குள் உண்டாகும் இழுவிசையால் மரை வழியாக உள்ளே போய்விடும். மலையில் டீசலில் தண்ணீர் கலப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் ஒரே கிடைமட்டத்தில் பக்கவாட்டில் இருக்கும்படி திருப்பி, உருளாதபடி ஆப்பு வைத்தால் இந்தத் தொல்லை நீங்கும். உலர்தூள் தீயணைப்பான் ஒன்றும் மணல் வாளிகளும் கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் பேரல்களுக்கு ஒட்டாமல் இருக்க வேண்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீரை ஊற்றினால் தீ மிதந்து பரவும் என்பதை வேலையாட்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். புகைபிடித்தவாறோ மது அருந்திய நிலையிலோ யாரும் அங்கே நுழையக் கூடாது. 18 வயது நிரம்பாதவர்களை எண்ணெய் ஏற்றி இறக்கும் வேலைக்கு வைக்கவே கூடாது.

பங்கில் கலத்தை நிரப்பும்போது அதை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்புவது நல்லது. வண்டித் தளத்தின் ரப்பர் விரிப்பு மேல் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் பொறி கிளம்பக்கூடும். பெட்ரோலுக்கு இந்த அபாயம் மிக அதிகம். ஒரு பேரல் டீசலின் எடை மட்டுமே ஏறத்தாழ 165 கிலோ. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் வண்டியில் பேரல்கள் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். அவற்றோடு கூலியாட்களை ஏற்றிச் செல்லும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

எல்லையைத் தாண்டும் தேவை உள்ளவர்களுக்கு

பல அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கும், பெரிய எஸ்டேட்டுகளுக்கும், தோட்டத்தோடு ஜவ்வரிசி ஆலையும் நடத்துபவர்களுக்கும் 2,500 லிட்டர் போதாமல் போகலாம். அவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. கலம் ஒவ்வொன்றும் 1,000 லிட்டருக்கு மிகாமல், மொத்தம் 25,000 லிட்டர் வரை 'பி' வகுப்பு எண்ணெய் வைக்க, உரிமம் வழங்கும் அதிகாரம் மாவட்ட அதிகாரியிடம் இருக்கிறது. 1,000 லிட்டரைத் தாண்டும் தொட்டி என்றால் அது மொத்தச் சேமிப்பாகி, உரிமம் பெசோவிடமிருந்து வர வேண்டும். தொட்டியும் பம்பும் வைத்து வண்டிகளுக்கு நிரப்பும் அமைப்பு படிவம் 14இன் கீழ் வரும். எண்ணெய் நிறுவனத்தார் இதை நுகர்வோர் பம்ப் என்பார்கள்.

இரண்டாவது வழியில் போகிறவர்கள் குழி தோண்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் இடத்தின் வரைபடமும் தொட்டியின் வரைபடமும் பெசோவின் ஒப்புதலைப் பெற வேண்டும். அதோடு மாவட்ட அதிகாரியின் தடையின்மைச் சான்றும் தேவை. காவல் ஆணையர் உள்ள நகர எல்லைக்குள் விதிகளின்படி அது காவல் ஆணையரகத்தின் பொறுப்பு, மற்ற இடங்களில் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. சேலம் மாநகரை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் தங்கள் இடம் எந்த எல்லையில் வருகிறது என்று தெரிந்துகொண்டு மனு கொடுத்தால் அலைச்சல் குறையும். அந்த மனுவை மூன்று மாதத்துக்குள் முடித்துத் தர வேண்டும் என்று விதி கூறுகிறது. பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம் ஆகியவற்றில் பெயரும் சர்வே எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று முன்பே பார்த்துவிடுங்கள். பாகப்பிரிவினை ஆகியும் கூட்டுப் பட்டாவிலேயே இருக்கும் நிலங்களில் இங்கேயே வேலை நின்றுவிடும். கட்டி முடித்த பின், தகுதி பெற்ற ஆய்வாளர் தொட்டியைச் சோதித்துத் தரும் சான்றும் பாதுகாப்புச் சான்றும் சேர்ந்த பிறகே உரிமம் கிடைக்கும். அதற்கு முன் ஒரு லிட்டர்கூட ஊற்றக் கூடாது.

தொட்டி ஐ.எஸ். 10987 என்ற இந்தியத் தர நெறிமுறைப்படி செய்யப்பட்டிருக்க வேண்டும். துருப்பிடிக்காத மேற்பூச்சு, புவியிணைப்பு, நிரப்பும் வாய்க்குப் பூட்டு, தரையிலிருந்து 4 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் திறக்கும் காற்றுக்குழாய், அதன் வாயில் இரட்டைக் கம்பிவலை ஆகியவை இன்றியமையாதவை. ஏற்காட்டில் இன்னொரு படியும் உண்டு. மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வரும் கிராமங்களில் மண்ணைத் தோண்டுவதற்கும் கட்டுவதற்கும் அதன் வழியே அனுமதி பெற வேண்டியிருப்பதால், பெட்ரோலிய உரிமம் மட்டும் கையில் இருந்தால் போதாது.

இங்கே நிலத்தின் தன்மையையும் சொல்லியாக வேண்டும். சேர்வராயன் மலையும் அதைச் சூழ்ந்த சமவெளியும் கடினப் பாறையின் மேல் அமைந்தவை. நிலத்தடி நீர் மேலுள்ள சிதைந்த மண்ணடுக்கிலும் பாறை வெடிப்புகளிலுமே ஓடுகிறது. கசியும் டீசல் வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போகும். பக்கத்துக் காட்டுக்காரரின் கிணற்றில் போய் நிற்கவும் கூடும். பாறைக்குள் புகுந்த எண்ணெயைத் திரும்ப எடுப்பது மிகக் கடினம். அதனால்தான் புதைக்கும் தொட்டிக்குச் செங்கல் அல்லது கான்கிரீட் குழி கட்டி அதற்குள் வைக்கச் சொல்கிறேன். செலவு கூடினாலும் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

எஸ்டேட்டில் பழைய தொட்டி கிடந்தால்

நிலம் கைமாறும்போது, பழைய கொட்டகையின் பின்புறம் துருவேறிய நிரப்புக் குழாயோ வளைந்த காற்றுக்குழாயோ மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். வாங்குபவர் பத்திரம் பதியும் முன் அதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். பதிந்த பிறகு அந்தத் தொட்டியும் அதன் கசிவும் அவருடைய பொறுப்பாகிவிடும்.

உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று அறியப் பித்தளை அளவுகோலை இறக்கிப் பார்க்கலாம்; அதன் நுனியில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவினால் அடியில் தேங்கிய நீரின் உயரமும் தெரியும். படுத்திருக்கும் உருளையில் உயரமும் அளவும் ஒரே விகிதத்தில் ஏறுவதில்லை என்பதை மறக்கக் கூடாது. பாதி உயரம் என்றால் பாதி அளவுதான். ஆனால் கால் பங்கு உயரத்தில் ஏறத்தாழ 20 சதவீதமே இருக்கும். கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, எண்ணெய் எடுக்காமல் சில நாட்கள் விட்டு, தினமும் விடியற்காலையில் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வாருங்கள். டீசல் வெப்பத்தில் விரியும் இயல்புள்ளது. 5,000 லிட்டர் 10 டிகிரி குளிர்ந்தால் 40 லிட்டர் அளவுக்குக் குறைந்ததுபோல் காட்டும். ஒரே நேரத்தில் அளந்தும் நாளுக்கு நாள் எண்ணெய் குறைந்துகொண்டே போனாலோ, அடியில் தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டே வந்தாலோ, தொட்டி ஓட்டையாகிவிட்டது என்று முடிவு செய்து உடனே எண்ணெயை வெளியேற்றிவிட வேண்டும்.

காலி செய்த தொட்டியே மிகவும் ஆபத்தானது. உள்ளே தேங்கியிருக்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும். ஆவி நிறைந்த தொட்டிக்குள் இறங்குபவர் மூச்சுத் திணறி மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். வெல்டிங் கடைக்காரரை அழைத்து வந்து வெட்டி எடுக்கும் வேலையை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். தகுதி பெற்றவர் தொட்டியைக் கழுவி, ஆவி இல்லை என்று கருவியால் சோதித்து எழுத்தில் சான்று கொடுத்த பிறகே ஆள் இறங்குவதும், தீப்பொறி எழும் வேலை செய்வதும் கூடும். தோண்டி எடுக்க முடியாத இடத்தில், சுத்தம் செய்த தொட்டியை மணலாலோ சிமென்ட் கலவையாலோ முழுமையாக நிரப்பி மூடி, அதன் இடத்தை எஸ்டேட் வரைபடத்தில் குறித்துவைக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள பெரிய தொட்டியைத் தொடர்ந்து உபயோகிக்க நினைப்பவர், முன்பிருந்தவருக்கு உரிமம் இருந்ததா என்று கேட்டு, இருந்தால் பெயர் மாற்றத்துக்கும், இல்லையென்றால் புதிதாக மேற்சொன்ன வழியிலும் மனு செய்ய வேண்டும். உரிமம் இல்லாத இருப்பையும் கலத்தையும் பறிமுதல் செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

உரிமம் உள்ளதோ இல்லாததோ, எந்த இருப்பிலிருந்தும் அக்கம்பக்கத்தாருக்கு விலைக்கு டீசல் ஊற்றிக் கொடுக்கக் கூடாது. விற்பனைக்கு எண்ணெய் நிறுவனத்தின் முகவராக இருக்க வேண்டும். வாங்கிய ரசீதுகளையும், எந்த வண்டிக்கு எப்போது எவ்வளவு ஊற்றப்பட்டது என்ற குறிப்பேட்டையும் வைத்திருந்தால், சோதனைக்கு வருபவருக்குச் சொந்த உபயோகம் என்பதைக் காட்டவும், கசிவை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கவும் உதவும். உயிர்ச்சேதமோ பலத்த காயமோ ஏற்படும் அளவுக்கு எண்ணெயால் தீயோ வெடிப்போ நிகழ்ந்துவிட்டால், 101 அல்லது 112க்கு அழைத்த கையோடு, அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் பெசோ அலுவலகத்துக்கும் உடனடியாகத் தகவல் தர வேண்டும் என்று சட்டத்தின் 27ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. கசிவு கிணற்றுப் பக்கம் போயிருந்தால் அந்தத் தண்ணீரை உபயோகிக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். மோட்டாரை நிறுத்தி, மாடுகளுக்கும் அந்தத் தண்ணீரைக் காட்டாமல், பரிசோதனை முடிவு வரும்வரை வேறு இடத்திலிருந்து தண்ணீர் எடுங்கள்.